மெனிஞ்சைட்டிஸ் வந்து தப்பிய பிள்ளைகளுக்குக் காதுப் பரிசோதனை: மனு வரைவு, கருத்துத் தேவை

பாலியாற்றங்கரை (துணுக்காய்) · ஞாயிறு இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். மெனிஞ்சைட்டிஸ் என்றால் மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் மூடியிருக்கிற சவ்வில் வரும் அழற்சி, ஊரில் மூளைக்காய்ச்சல் என்போம். ஒக்டோபர் 5 உலக மெனிஞ்சைட்டிஸ் தினம். அன்றைக்குக் கொழும்பில் ஒரு கருத்தரங்கு வைப்பார்கள், பத்திரிகையில் ஒரு படம் வரும், அதோடு முடிந்துவிடும். இந்த முறை எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மனுவாவது போகட்டும் என்று ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். கிழித்துப் போடாமல் திருத்தித் தாருங்கள்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, வைத்தியத் துறை ஆள் இல்லை. இதில் எனக்கு அக்கறை வந்தது வகுப்பறையால்தான். கூப்பிட்டால் திரும்பாத, சொல்வதெழுதலில் பாதிச் சொல்லை விடுகிற ஒரு பிள்ளை. "சொல்வழி கேளாதவன்" என்று முதல் வகுப்பிலேயே பெயர் எடுத்துவிட்டான். காது பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு காதிலும் கேள்விக் குறைபாடு. தாயிடம் விசாரித்தால், இரண்டு வயதில் காய்ச்சலும் வலிப்புமாக வார்டில் கிடந்தவனாம். மெனிஞ்சைட்டிஸ் என்றுதான் சொன்னார்களாம். பிள்ளை தப்பிவிட்டது, துண்டு வெட்டி வெளியேற்றியாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று. காது பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

பக்டீரியாவால் வரும் மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இறக்கிறார், ஐந்து பேருக்கு ஒருவருக்குப் பாரதூரமான பின்விளைவு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பின்விளைவுகளில் அடிக்கடி வருவது காது கேளாமை. 2025 ஏப்ரலில் அந்த நிறுவனம் மெனிஞ்சைட்டிஸுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளி வீட்டுக்குப் போக முன்னரே காதுப் பரிசோதனை செய்ய வேண்டும், முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது.

வரைவின் சாரம் இதுதான். வடக்கு மாகாணத்தில் எந்த வைத்தியசாலையிலிருந்தும் மெனிஞ்சைட்டிஸ் நோயாளி, முக்கியமாகப் பிள்ளைகள், காதுப் பரிசோதனைக்கான திகதி எழுதாமல் துண்டு வெட்டி அனுப்பப்படக் கூடாது. அதோடு மெனிஞ்சைட்டிஸை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகொக்கஸுக்கு எதிரான நியூமோகொக்கல் தடுப்பூசியைத் தேசிய அட்டவணையில் சேர்க்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு மாற்றும்போது, பிரதேச வைத்தியசாலைகளிலேயே கிருமியைக் கொல்லும் மருந்தின் முதல் ஊசியைப் போட்டு அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது, எதை முன்னுக்கு வைப்பது என்று சொல்லுங்கள்.

வன்னேரிக்குளத்தான் · ஞாயிறு இரவு 9.02

அக்கா, குறை நினைக்க வேண்டாம். எங்களுக்கு இருக்கிற பட்டியலைப் பாருங்கள். யானை, டெங்கு, எலிக்காய்ச்சல், வவுனியாப் பக்கம் சிறுநீரகம். வயலுக்குள் இறங்குகிறவனுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தாலே பெரிய விசயம். தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடுகிற அறிக்கையை நான் பார்க்கிறனான். கிளிநொச்சிக்கு நேரே மெனிஞ்சைட்டிஸ் நிரலில் பெரும்பாலும் பூச்சியம், இல்லாவிட்டால் ஒன்று இரண்டு. அதற்கு ஒரு மனு, கையெழுத்து வேட்டை, எல்லாம் தேவையா?

பழைய பி.எச்.ஐ · ஞாயிறு இரவு 10.25

தம்பி அந்த அறிக்கையைப் படிக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். அதில் மாவட்ட வரிசையின் கடைசியில் இன்னும் இரண்டு நிரல் இருக்கும், கவனித்தீர்களா? அறிக்கை நேரத்துக்கு வந்ததா, முழுமையாக வந்ததா என்று காட்டுபவை அவை. எந்த எண்ணையும் பார்க்கும்போது அந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மெனிஞ்சைட்டிஸ் அறிவிக்க வேண்டிய நோய். 1897 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, நோயைக் காணுகிற வைத்தியர், அரசாங்கமோ தனியாரோ, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 544 என்ற படிவம். சந்தேகம் வந்தவுடனேயே அனுப்ப வேண்டியது. ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது? பிள்ளையை இரவு பெரியாஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். அனுப்பியவர் அங்கே நிரப்புவார்கள் என்று இருப்பார், அங்கே உள்ளவர் முடிவு வரட்டும் என்று இருப்பார். முடிவு வரும்போது பிள்ளை வீட்டில். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ) வேலை செய்த காலத்தில், நோயாளி வீடு திரும்பிய பிறகு என் மேசைக்கு வந்த படிவங்கள் உண்டு. அதற்குப் பிறகு போய் நான் அந்த வீட்டில் எதைத் தேடுவது?

ஆகவே பூச்சியம் என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் குறைவாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சியத்தை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது.

கண்ணாடி ஸ்லைட் · திங்கள் காலை 6.40

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

மெனிஞ்சைட்டிஸா என்று பார்க்க முதுகிலிருந்து எடுத்த நீர் எங்களிடம் வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். காய்ச்சல் தொடங்கி, பாமசியில் துண்டு இல்லாமல் அமொக்சிசிலின் வாங்கி, மூன்று நாள் குடித்து, பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி ஒன்று போட்டு, அப்புறம்தான் வார்டுக்கு வருகிறார்கள். நீரில் வெள்ளணு கூடியிருக்கும், சீனி குறைந்திருக்கும், ஆனால் வளர்ப்பில் (கிருமியை வளரவிட்டுப் பார்க்கிற சோதனையில்) கிருமி வராது. எது என்று தெரியாத மெனிஞ்சைட்டிஸ் இன்னொன்று. எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்தத் தடுப்பூசி வேண்டும் என்று கொழும்புக்கு எப்படி நிரூபிப்பது?

இன்னொன்று, இது சின்ன விசயம் ஆனால் எனக்குக் கோபம் வருகிற விசயம். இரத்தம், சளி எல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிப் பழகிய கைகள் முதுகு நீரையும் ஐஸில் வைத்து அனுப்பும். வளர்ப்புக்குப் போகிற முதுகு நீரைக் குளிரில் வைக்கக் கூடாது. மெனிங்கோகொக்கஸ் போன்ற கிருமி குளிரில் செத்துவிடும். அறை வெப்பத்தில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வர வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், மனு வேண்டாம், ஒரு அரை மணி நேர வகுப்புப் போதும். பாலியாற்றங்கரை அக்கா, முடிந்தால் இதையும் எங்காவது செருகுங்கள்.

ஓய்வுபெற்ற மிஸ் (வட்டக்கச்சி) · திங்கள் காலை 9.15

பிள்ளைகளே, மனு எழுதுவது நல்லது. அதற்கு முன்னால் இந்த இழையை வாசிக்கிற தாய்மார் அறிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கு வருடம் எடுக்கும், காய்ச்சல் இன்றிரவும் வரும்.

பெரிய பிள்ளை என்றால் காய்ச்சலோடு பொறுக்க முடியாத தலையிடி, சத்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, தாடையை நெஞ்சில் தொட வைக்க முடியாதபடி கழுத்து விறைப்பு. மாறாட்டமாகக் கதைத்தால், எழுப்ப எழுப்ப உறங்கினால், வலிப்பு வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. கைக்குழந்தையில் கழுத்து விறைப்பைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம், பல நேரம் இருக்காது. பால் குடியாது, கீச்சென்ற குரலில் அழும், தூக்கினால் துணி மாதிரித் தொய்யும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்திப் பாருங்கள். மறையாமல் நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். எங்கள் தோல் நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்பக்கம் பாருங்கள். புள்ளி இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

1990 ஐ அழையுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் வண்டி 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. உள்ளூருக்குள் வண்டி வர நேரமாகும் என்று சொன்னால் ஓட்டோவைப் பிடித்து எதிரே போங்கள்.

அக்காவின் மூன்றாவது கோரிக்கை பற்றி: பிரதேச வைத்தியசாலையில் முதல் ஊசி. இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஆனால் எழுதுகிற விதத்தில் கவனம். "முதுகு நீர் எடுக்காமல் மருந்து போட்டால் முடிவு கெட்டுவிடும்" என்று சில இளம் டொக்டர்மார் பயப்படுவார்கள். கண்ணாடி ஸ்லைட் தம்பி மேலே சொன்னதும் அதுதான். ஆனால் பாமசி மாத்திரை வேறு, அவசரத்துக்குப் போடுகிற முதல் ஊசி வேறு. மாற்றி அனுப்பப் போகிற பிள்ளைக்கு இரத்தம் வளர்ப்புக்கு எடுத்துவிட்டு செஃப்ட்ரியாக்சோன் போட்டு ஏற்றினால் உயிர் மிஞ்சும். பரிசோதனை முடிவுக்காக மருந்து பிந்தக் கூடாது. அதனால் "மாற்றத் தாமதமாகும் இடங்களில், இரத்த மாதிரி எடுத்த பின்" என்று ஒரு வரி சேருங்கள். அப்படி எழுதினால் எந்த ஆலோசகரும் மறுக்க மாட்டார்.

விசுவமடு அம்மா · திங்கள் பகல் 1.30

மிஸ் அம்மா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். முதுகு ஊசி.

என் மூத்தவளுக்கு எட்டு மாதத்தில் சந்தேகம் என்று முதுகு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரியிலிருந்து தேத்தண்ணீர் கொண்டு வந்த மச்சாள் வரை எல்லாரும் ஒரே பாட்டு: "முதுகில குத்தினா கால் விளங்காமல் போகும், கையெழுத்து வையாதை." மாமி துண்டு வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டே போகலாம் என்று நின்றா. கடைசியில் ஒரு டொக்டர் பிள்ளை வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன் முதுகிலேயே தொட்டுக் காட்டிச் சொன்னா. முள்ளந்தண்டு வடம் இந்த மட்டத்தில் முடிந்துவிடும், நாங்கள் குத்துவது அதற்குக் கீழே, அங்கே நீரும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன என்று. ஐந்து நிமிடம் கூட எடுக்கவில்லை. மாமி பேசாமல் வெளியே போய் வாங்கில் இருந்துவிட்டா.

நடக்க முடியாமல் போகிறவர்கள் அந்த ஊசியால் அல்ல, அந்த நோயால்தான் போகிறார்கள். அதை ஊர் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கிறது. மனுவில் இடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைகள் வார்டிலும் இதைத் தமிழில் படத்தோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்கிற பத்திரத்தை நீட்டிவிட்டுப் போகாமல் யாராவது இருந்து விளங்கப்படுத்த வேண்டும். என் பிள்ளைக்கு வந்தது வைரஸால் என்று முடிவு வந்தது, ஒரு கிழமையில் சுகமாகிவிட்டாள். முதுகு நீர் எடுத்திருக்காவிட்டால் தேவையில்லாமல் இரண்டு மூன்று கிழமை ஊசி ஏற்றியிருப்பார்கள்.

ஸ்காபரோ முறிகண்டி · திங்கள் இரவு 11.50

இங்கே கனடாவில் பிறந்த என் பிள்ளைகளுக்கு நியூமோகொக்கல் ஊசி கிளினிக்கிலேயே இலவசமாகப் போட்டார்கள். தங்கச்சியின் மகன் 2021 இல் கிளிநொச்சியில் பிறந்தவன், அவனுடைய கிளினிக் புத்தகத்தைப் போன முறை வந்தபோது புரட்டிப் பார்த்தேன், அந்த ஊசிக்குக் கட்டமே இல்லை. தனியாரில் போடலாமாம். ஒரு தடவைக்கே பல ஆயிரம், மூன்று தடவை போட வேண்டுமாம். கூலி வேலை செய்கிற வீட்டில் யார் போடுவார்கள்?

நாங்கள் ஊர்ச் சங்கம் மூலம் காசு சேர்க்கலாம். ஒரு கிராமத்தை எடுத்து, அங்கே இந்த வருடம் பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஊசியை வாங்கி அனுப்பினால் என்ன?

பழைய பி.எச்.ஐ · செவ்வாய் காலை 7.05

மனம் பெரியது, தம்பி. ஆனால் வேண்டாம். ஊசி மருந்து உற்பத்தியிடத்திலிருந்து பிள்ளையின் தொடை வரை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வர வேண்டும். 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபை இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் பொதியில் அனுப்பி வைக்க முடியாது. அதையெல்லாம் தாண்டினாலும், இந்த வருடப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு அடுத்த வருடம் பிறக்கிற பிள்ளையின் தாய்க்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்ன பதில் சொல்வது? "கனடாவில் சேர்த்த காசு முடிந்துவிட்டது" என்றா?

அரசாங்கம் தன் அட்டவணையில் சேர்க்க வேண்டிய ஊசி இது. பாகிஸ்தான் 2012 இல் தொடங்கியது, நேபாளமும் பங்களாதேசும் 2015 இல். இந்தியா 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021 இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது. தடுப்பூசி விசயத்தில் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று பெயர் எடுத்த நாடு இதில் பின்னால் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இவர்களை விட எங்கள் நாட்டின் வருமானம் கூட என்று கணக்குக் காட்டியதால் மலிவு விலைக்கு ஊசி கொடுக்கும் சர்வதேச உதவி எங்களுக்குச் சுருங்கியது. அதுவும் ஒரு காரணம். நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்று சொல்கிறேன்.

வன்னேரிக்குளத்தான் · செவ்வாய் காலை 8.20

ஐயா சொல்வது விளங்குகிறது. ஆனால் ஒரு கேள்வி. ஐந்து நோய்க்கு ஒரே ஊசி என்று 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்களே, அதில் மூளைக்காய்ச்சல் இல்லையா? ஒரு வயதிலும் ஒன்று போடுகிறார்கள். ஊரில் எல்லாரும் "அந்த ஊசி போட்டாச்சு, இனி வராது" என்றுதான் நினைக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மிஸ் (வட்டக்கச்சி) · செவ்வாய் காலை 10.45

அந்த ஐந்தில் ஒன்று ஹிப் என்ற கிருமிக்கு. பிள்ளைகளில் மெனிஞ்சைட்டிஸை உண்டாக்கிய முக்கியமான கிருமிகளில் அதுவும் ஒன்று. இங்கே 2008 இல் தொடங்கினார்கள், ஊசிக்குப் பின் சில பிள்ளைகள் இறந்ததால் அதே வருடம் நிறுத்தினார்கள், விசாரித்துப் பார்த்து ஊசி காரணம் இல்லை என்று கண்டு 2010 இல் திரும்பவும் தொடங்கினார்கள். பிறந்தவுடன் கையில் போடுகிற பிசிஜி, சின்னப் பிள்ளைகளுக்குக் காசநோயால் வரும் மெனிஞ்சைட்டிஸிலிருந்து காப்புக் கொடுக்கிறது. ஒரு வயதில் போடுவது நுளம்பால் பரவும் ஜப்பானிய மூளையழற்சிக்கு. இவை எல்லாம் போட்ட பிள்ளைக்கும் நியூமோகொக்கஸாலோ மெனிங்கோகொக்கஸாலோ வரலாம். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இரண்டும் கூட மூளைச்சவ்வைத் தாக்கலாம், தம்பி. வயலில் இறங்குகிறவரின் பட்டியலுக்கு இது அவ்வளவு தூரமில்லை.

மட்டுறுத்துநர் · செவ்வாய் பகல் 12.00

மூளைக்காய்ச்சலுக்குத் தலையில் பத்துப் போட்டுக் குணமாக்குவதாகத் தொலைபேசி இலக்கத்தோடு வந்த பதிவு நீக்கப்பட்டது. மறுபடி போட்டால் கணக்கும் போகும்.

முசலி நானா · செவ்வாய் மாலை 5.30

மெனிங்கோகொக்கல் ஊசி பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்லாவே தெரியும். ஹஜ்ஜுக்குப் போவதென்றால் அந்த ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் சவூதி விடாது. போய்ச் சேருவதற்குப் பத்து நாளைக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். வாப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்ப் பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டுக்கொண்டு வந்தோம். ஊசி ஒரு நிமிடம், மன்னாரிலிருந்து பயணம் இரண்டு நாள். யாத்திரிகர்களுக்கு வடக்கிலேயே ஒரு இடத்தில் போட ஏற்பாடு செய்தால் வயதானவர்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 2023 ஓகஸ்டில் காலி சிறைச்சாலையில் மெனிங்கோகொக்கல் வந்து கைதிகள் இறந்தது நினைவிருக்கிறதா? அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் பக்கம் முகக்கவசம் விலை ஏறியது, அடுத்த கிழமை எல்லாரும் மறந்தாயிற்று. ஒரே கூரையின் கீழ் நெருக்கிப் படுக்கிற எந்த இடத்திலும் அது வரலாம். இங்கே பெட்டைப் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய் ஒரு அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் தங்குகிறார்கள். விடுதிப் பள்ளிகள், மதரசாக்கள், படை முகாம்கள் இருக்கின்றன. ஒருவருக்கு வந்தால் கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உடனே கொடுக்க வேண்டும் என்பது அந்த இடங்களை நடத்துகிறவர்களுக்குத் தெரியுமா? பி.எச்.ஐ ஐயாவின் மேசைக்குப் படிவம் பிந்தி வந்தால் அந்த மாத்திரையும் பிந்தும்தானே.

பழைய பி.எச்.ஐ · செவ்வாய் மாலை 6.10

சரியாகப் பிடித்தீர்கள் நானா. நான் படிவம் படிவம் என்று புலம்புவது அதற்காகத்தான்.

ஸ்காபரோ முறிகண்டி · செவ்வாய் இரவு 11.20

அப்படியென்றால் ஆபிரிக்காவில் செய்வது மாதிரி எல்லாருக்கும் மெனிங்கோகொக்கல் ஊசி கேட்கலாமே? நைஜீரியா 2024 இல் ஐந்து வகைக்கும் சேர்த்த புது ஊசி தொடங்கியது என்று வாசித்தேன்.

ஓய்வுபெற்ற மிஸ் (வட்டக்கச்சி) · புதன் காலை 6.55

செனகலிலிருந்து எதியோப்பியா வரை நீள்கிற அந்தப் பட்டையில் வறண்ட காலம் வந்தால் ஊர் ஊராகப் பரவும். அவர்களின் தேவை அது. இங்கே ஒன்றிரண்டு இடத்தில் தலை காட்டுகிறது, அதற்குக் கூட இருந்தவர்களுக்கு மாத்திரையும் விழிப்பும் போதும். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, பிள்ளை.

வன்னேரிக்குளத்தான் · புதன் காலை 7.30

மிஸ் அம்மா கடைசியாகச் சொன்ன வசனத்தோடு நான் ஒத்துப்போகிறேன். அதனால்தான் சொல்கிறேன், மனுவில் மூன்று நான்கு கோரிக்கை வைக்க வேண்டாம். ஊசிக்குக் காசு ஒதுக்குவதைக் கொழும்புதான் தீர்மானிக்க வேண்டும். மாகாணப் பணிப்பாளரிடம் அதைக் கொடுத்தால், "மேலிடத்துக்கு அனுப்பியுள்ளோம்" என்று ஒரு கடிதம் வரும், மற்றக் கோரிக்கைகளையும் அந்தக் கடிதமே விழுங்கிவிடும்.

காது விசயம் நியாயமானது. ஆனால் "காதுப் பரிசோதனைக்குத் திகதி கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? யாழ்ப்பாணத்துக்கு ஒரு துண்டு எழுதித் தருவார்கள். ஐயன்கன்குளத்திலிருந்து விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி, அங்கே போய் வரிசையில் நின்று, "இன்றைக்கு ஆள் இல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்று கேட்டால் அந்தத் தகப்பன் இரண்டாம் முறை போவானா? ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, பிள்ளை பார்வைக்கு நல்லாத்தான் இருக்கிறது. நான் என்றாலும் போக மாட்டேன். அந்தப் பரிசோதனை இங்கே வர வேண்டும். மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ. அதை எழுதுங்கள், நான் முதல் கையெழுத்து வைக்கிறேன்.

பாலியாற்றங்கரை (துணுக்காய்) · புதன் இரவு 9.40

வன்னேரிக்குளத்துத் தம்பி எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே நல்ல வரைவு தருகிறார்.

அப்படியானால் இரண்டாகப் பிரிப்போம். கொழும்புக்குப் போவது நியூமோகொக்கல் ஊசி மட்டும்: சுகாதார அமைச்சுக்கும் தொற்றுநோயியல் பிரிவுக்கும், எங்கள் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் கட்சி பாராமல் பிரதி. உலக சுகாதாரப் பேரவை 2020 இல் ஏற்றுக்கொண்ட, 2030 க்குள் மெனிஞ்சைட்டிஸை வெல்லும் திட்டத்தை அதில் சுட்டிக்காட்டலாம். ஊசியால் தடுக்கக் கூடிய பக்டீரியா மெனிஞ்சைட்டிஸைப் பாதியாகவும், மரணங்களை 70 சதவீதத்தாலும் குறைப்பது என்று அதில் இருக்கிறது. எங்களிடம் இல்லாத ஊசியால் எதைக் குறைப்பது என்று கேட்கலாம்.

மாகாணத்துக்குப் போவது, மாகாணமே செய்யக் கூடியவை. காதுப் பந்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"மெனிஞ்சைட்டிஸ் நோயாளியின் வெளியேற்றத் துண்டில் செவிப் பரிசோதனையின் முடிவோ, நான்கு வாரத்துக்குட்பட்ட திகதியோ கட்டாயம் குறிக்கப்பட வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டங்களில் மாதம் ஒரு முறையாவது நடமாடும் செவிப் பரிசோதனைக் கிளினிக் நடத்தப்பட வேண்டும். திகதிக்கு வராத பிள்ளையின் பெயர் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவிக்கப்பட வேண்டும்."

கடைசி வரி முக்கியம் என்று நினைக்கிறேன். பிள்ளை வரவில்லை என்பதை யாரோ ஒருவர் கவனிக்க வேண்டும்.

ஏன் நான்கு வாரம் என்று அதிகாரிகள் கேட்டால் சொல்வதற்கும் எழுதி வைத்திருக்கிறேன். மெனிஞ்சைட்டிஸுக்குப் பின் உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால் கொக்லியர் இம்பிளாண்ட் (உட்காதுக்குள் வைத்துக் கேட்க உதவும் கருவி) வைப்பது கடினமாகிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். சின்னப் பிள்ளை பதில் சொல்லாதே, எப்படிப் பார்ப்பது என்று சிலர் கேட்டார்கள். உறங்கும்போதே கருவி வைத்துப் பார்க்கிற முறைகள் இருக்கின்றன, பிள்ளை வாயைத் திறக்கத் தேவையில்லை.

மிஸ் அம்மாவின் இரத்த மாதிரி வரி சேர்த்தாயிற்று. விசுவமடு அம்மாவின் சுவரொட்டியும் சேர்த்தாயிற்று. ஐஸ் பெட்டி மனுவுக்குப் பொருந்தாது, கண்ணாடி ஸ்லைட் தம்பி அதைத் தனியாக ஒரு பக்கம் எழுதித் தந்தால் பிராந்தியப் பணிப்பாளர்களுக்கு இணைப்பாக வைக்கலாம்.

கண்ணாடி ஸ்லைட் · புதன் இரவு 10.15

சனிக்கிழமைக்குள் தருகிறேன். பெயர் போடாமல்.

பழைய பி.எச்.ஐ · வியாழன் காலை 6.30

மனுவுக்கு முன் எண்கள் கையில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது, எங்கள் ஆட்கள் காணிக்கு மட்டும்தான் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்றே கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் மெனிஞ்சைட்டிஸ் என்று துண்டில் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் 544 படிவம் அனுப்பப்பட்டது எத்தனை பேருக்கு, செவிப் பரிசோதனை செய்யப்பட்டது எத்தனை பேருக்கு. பெயர், விலாசம் ஒன்றும் கேட்கக் கூடாது, கேட்டால் அதைச் சாட்டி மறுத்துவிடுவார்கள். மூன்றாவது கேள்விக்கு "அத்தகைய பதிவு பேணப்படுவதில்லை" என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையே மனுவோடு இணைத்துவிடுங்கள், அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஸ்காபரோ முறிகண்டி · வியாழன் மாலை 4.00

ஊசி அனுப்புகிற யோசனையை விட்டுவிட்டோம். நடமாடும் கிளினிக் வருகிற நாளில் தூரத்துப் பிள்ளைகளுக்கு வாகனச் செலவை ஏற்கச் சங்கம் சம்மதிக்கிறது. காசை ஆளிடம் கொடுக்க மாட்டோம், வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்தின் கணக்குக்குத்தான். பற்றுச்சீட்டு வேண்டும்.

வன்னேரிக்குளத்தான் · வியாழன் இரவு 8.05

பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் நானே கேட்பேன், பயப்பட வேண்டாம். அக்கா, மனு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எடுக்கப்பட வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்னரே நிகழ்ச்சி நிரலில் போட வைக்க வேண்டும். அன்றைக்குப் போய் நீட்டினால் மண், மணல், மதுபானக் கடை என்று நேரம் போய்விடும். மாவட்டச் செயலகத்தில் எனக்கு ஆள் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாலியாற்றங்கரை (துணுக்காய்) · வியாழன் இரவு 9.30

கிளிநொச்சிக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார், முல்லைத்தீவுக்கு இன்னும் இல்லை. தகவல் கோரும் கடிதங்கள் நாளைக்குப் பதிவுத் தபாலில் போகின்றன, நான்கு மாவட்டத்துக்கும். கையெழுத்துத் தாள்கள் மல்லாவியிலும் மாங்குளத்திலும் என்னிடம், வட்டக்கச்சியில் மிஸ் அம்மாவிடம், சிலாவத்துறைப் பக்கம் முசலி நானாவிடம் இருக்கும். ஒட்டுசுட்டான், முழங்காவில் இரண்டு இடத்துக்கும் ஆள் தேவை. தாள் முன்பக்கம் மட்டும் அச்சடியுங்கள். பின்பக்கத்தில் வைத்த கையெழுத்தைப் போன முறை எண்ணவே மாட்டோம் என்றுவிட்டார்கள்.